பதினைந்தாவது வாளி

ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், ஐந்தாம் நம்பர் வீட்டு ஜமீலா அக்கா தன் வாசலில் இருந்த பெயிண்ட் வாளியிலிருந்து துவையலுக்கென்று ஒரு கைப்பிடி புதினாவை நறுக்கி எடுத்தபோது, எங்கள் காம்பவுண்டின் மற்ற பதின்மூன்று வாசல்களில் இருந்த பதின்மூன்று வாளிகளிலிருந்தும் அதே ஒரு கைப்பிடி காணாமல் போனது. பறந்து போகவில்லை, கரைந்து போகவில்லை, புகையெல்லாம் ஒன்றும் வரவில்லை. இருந்தது, அப்புறம் இல்லை, வெட்டுப்பட்ட தண்டுகளின் முனை மட்டும் பச்சை ஈரத்தோடு நின்றது, அவ்வளவுதான். நாங்கள் முதலில் சண்டை போட்டோம், ஏனென்றால் எங்களுக்கு எதற்கும் முதலில் வருவது அதுதான். பன்னிரண்டாம் நம்பர் பாண்டிச்செல்வி தன் புதினாவை நான்தான் கிள்ளினேன் என்றாள், நான் என் புதினாவை அவள்தான் கிள்ளினாள் என்றேன், பதினோரு மணிக்குள் பதினான்கு வீடும் பதினான்கு வீட்டின் மேலும் பழி சொல்லி முடித்து, அடுப்பைப் பார்க்கப் போயிருந்தது.

எங்கள் காம்பவுண்டு திண்டுக்கல்லில், மலைக்கோட்டைக்குப் பின்பக்கத்துச் சந்தில் இருக்கிறது. எதிரும் புதிருமாக ஏழு ஏழு வீடு, நடுவில் ஒரு குழாய், முன்னால் ஓர் இரும்புக் கேட். கேட்டை ஒட்டிய முதல் வீட்டில் பூட்டுப் பட்டறைக்காரர் காசிமாயன் அண்ணன் இருந்தார். சாவியின் பல்லைப் பார்த்தே அதை எந்த அரம் ராவியது, ராவிய கை நிதானமான கையா அவசரக் கையா என்று சொல்லிவிடுகிற மனிதர். சண்டையின் சூடு தணிந்த பிறகு அவர் வேலைக்குப் போடும் பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் மாட்டிக்கொண்டு, வாளி வாளியாகக் குனிந்து, எண்ணி, மோந்து, திரும்ப எண்ணி, சாயங்காலம் குழாயடியில் வைத்துச் சொன்னார்.

"எல்லா வாளியிலயும் அறுபத்தியொரு தண்டு. வெட்டுப்பட்டது பதினெட்டு. ஜமீலா வீட்டுக் கத்தியில நுனிப்பக்கம் ஒரு பல்லு போயிருக்குல்ல, அந்தப் பல்லோட தடம் எல்லா வெட்டுலயும் விழுந்துருக்கு. இது பதினாலு செடி இல்லப்பா. ஒரே செடி. பதினாலு எடத்துல நிக்குது."

"அப்படியா" என்றோம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதால் அதற்கு மேல் கேட்க நேரமில்லை.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயமும் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் புதினாவை விதை போட்டு வளர்ப்பதில்லை. கட்டு வாங்கி, இலையை ஆய்ந்துவிட்டு, மிஞ்சின தண்டை மண்ணில் குத்தி வைப்போம், அது பிடித்துக்கொள்ளும். எங்கள் காம்பவுண்டில் முதன்முதலாக அப்படிக் குத்தி வைத்தது ஒன்பதாம் நம்பர் பிலோமியின் தங்கச்சி ராணி. நாலே நாலு தண்டு, ஒரு பழைய பெயிண்ட் வாளி, தினமும் அரிசி கழுவிய தண்ணீர். மற்ற பதின்மூன்று வாளிகளும் அந்த வாளியிலிருந்து திருடியவைதான். திருடியவை என்று நான் சொல்வதைத் தப்பாக நினைக்கக் கூடாது, கேட்டு வாங்கிய புதினா பிடிக்காது, திருடி நட்டால்தான் பிடிக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதனால் வேண்டியவர்கள் முதல் நாளே போய், "பிலோமி, நாளைக்குக் காலையில திருட வரட்டா?" என்று அனுமதி கேட்போம், அவளும் "வாங்கக்கா, ஏழு மணிக்கு நான் முதுகக் காட்டிக்கிட்டுத் தச்சுக்கிட்டு இருப்பேன்" என்பாள். ஒரே தண்டை ஒடித்து ஒடித்து நட்டது எப்படி வேறு வேறு செடியாகும்? இத்தனை நாள் வேறு வேறாக இருந்ததுதான் அதிசயம் என்று ஜமீலா அக்கா சொன்னார், எங்களுக்கும் அது சரியென்று பட்டது.

ஆகவே நாங்கள் அதற்குத் தகுந்தாற்போல மாறிக்கொண்டோம். குழாய்ச் சுவரில் சாக்பீஸால் முறை எழுதினோம்: இன்ன கிழமை இன்ன வீடு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஜமீலா அக்காவுக்கு, அவர் ஆர்டருக்குப் பிரியாணி போடுகிறவர் என்பதால். கணுவுக்கு மேல்தான் வெட்ட வேண்டும், அப்போதுதான் ஒன்று இரண்டாகக் கிளைக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கை வைக்கக் கூடாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசனை பாதி காற்றில் போய்விடும் என்று விதிகள் வைத்தோம், வைத்த விதிகளை மீறினோம், மீறியவர்களைக் கண்டுபிடித்தோம். ஒன்றையும் மறைக்க முடியாமல் போனது. விடிகாலையில் நாலு இலை போயிருந்தால் யார் வீட்டிலோ வயிற்றுவலி, முறையில்லாத நாளில் ஒரு கட்டு போயிருந்தால் யார் வீட்டிலோ விருந்தாளி, எங்களுக்குச் சொல்லாத விருந்தாளி. தண்ணீர் விஷயம் இன்னும் மோசம். ஒரு வாளியில் ஊற்றினால் பதினான்கும் குளிர்ந்துவிடும் என்று தெரிந்ததும், யாராவது ஊற்றுவார்கள் என்று பதினான்கு வீடும் சும்மா இருந்துவிட, மூன்றாம் நாள் பதினான்கு வாளியிலும் செடி தலையைத் தொங்கப் போட்டது. அப்புறம் தண்ணீருக்கும் முறை எழுதினோம்.

ஆவணி பிறந்த பிறகு, மேட்டுத் தெருவில் குழாய் உடைந்து, நாலு நாள் எங்களுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. குடிக்கவே லாரித் தண்ணீர்தான், செடிக்கு யார் ஊற்றுவது. வாளியின் மண் வெடித்து, விரலை விட்டால் அடிவரைக்கும் காய்ந்து கிடந்தது. ஆனால் புதினா பச்சைப் பசேலென்று, இப்போதுதான் ஊற்றியது மாதிரி நின்றது. இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தோம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, யாருடைய முறையும் இல்லாத நேரத்தில், நாலே நாலு கொழுந்து மட்டும் நுனியிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது.

பாண்டிச்செல்வி "நம்மள்ல ஒரு கள்ளி" என்றாள். காசிமாயன் அண்ணன் மூன்று நாள், சரியாக மூன்றே முக்காலுக்கு, பதினான்கு வீட்டு ஆட்களையும் குழாயடியில் நிற்க வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். இருபத்தெட்டுப் பெரிய கைகளும் அதற்குக் கொஞ்சம் அதிகமான சின்னக் கைகளும் அந்தரத்தில் நிற்க, நாலு மணிக்கு எங்கள் எல்லோர் கண் முன்னாலும் கொழுந்து நாலும் போயின.

"பதினஞ்சாவதா ஒரு வாளி இருக்கு" என்றார் அவர். குரலில் சந்தோஷம் தெரிந்தது, புதுவிதப் பூட்டு கையில் கிடைத்தால் அவருக்கு அப்படித்தான். "எங்கயோ வெளியில இருக்கு. நாலு நாளா நம்ம செடிக்கும் தண்ணி ஊத்துனது அந்த ஆளுதான். கிள்ளுன தடத்தப் பாருங்க, நகம். வலது கை கிள்ளுனா இந்தப் பக்கம் சாயும், இது அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. எடது கைக்காரவுக."

பிலோமி கையைத் தூக்கியபடியே நின்றாள். எல்லோரும் இறக்கிய பிறகும் அவள் இறக்கவில்லை.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிலோமிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது, ஜாக்கெட் தைக்கிறவள், எங்கள் சந்தில் பாதிப் பேர் முதுகில் இருப்பது அவள் தையல்தான். அப்பா அம்மா ஒரே வருஷத்தில் போன பிறகு, பதினோரு வயசுத் தங்கச்சியை அந்தத் தையல் மெஷினை மிதித்து மிதித்தே வளர்த்தாள். ராணி பள்ளிக்கூடம் விட்டு வந்து அக்காவுக்குக் காஜா எடுப்பாள். பட்டன் நுழைய பிளேடால் சின்னதாகக் கீறி ஓரம் கட்டுகிற வேலை. இடது கைக்காரி என்பதால் அவள் கீறல் எப்போதும் ஒரு பக்கமாகச் சாயும், அக்கா திட்டுவாள், இவள் சிரிப்பாள். இருபத்து நாலு வயதில் ராணி, தார் ரோடு போட வந்த கூட்டத்தில் ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவன் எந்த ஊர்க்காரன் என்று யாருக்கும் தெரியாது, ரோடு எங்கே போகிறதோ அதுதான் அவன் ஊர். பிலோமிக்குப் பயம். பயத்தைப் பயமென்று சொல்லத் தெரியாமல் அவள் குழாயடியில் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "போ. இன்னையோட நீ எனக்குச் செத்துட்ட. செத்தவ திரும்பி வரக் கூடாது."

நாங்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி, ஒரே ஒருத்தி, "என்ன பேச்சு பேசுற பிலோமி" என்று கேட்டிருந்தால் போதும், நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை, குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் காலையில் ராணி இல்லை. ஆறு வருஷமாகக் கடிதம் இல்லை, போன் இல்லை. கல்லறைத் திருநாள் தோறும் பிலோமி அப்பாவுக்கு ஒன்று அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு மெழுகுவர்த்திதான் ஏற்றினாள், மூன்றாவதை ஏற்றவில்லை. வாய் சொன்னதைக் கை நம்பவில்லை.

அன்றைக்குக் குழாயடியில் கடைசியாகக் கையை இறக்கிவிட்டு அவள் என்னிடம் சொன்னாள். "அவ போன அன்னைக்குக் காலையில வாளியில ஒரு தண்டு ஒடிஞ்சிருந்துச்சுக்கா. உங்கள்ல யாரோ சொல்லாமத் திருடிட்டீங்கன்னு இத்தன வருஷமா மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகு காம்பவுண்டுக்கு வேறு வேலை ஓடவில்லை. நாலு மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு வாளியருகே உட்கார்ந்தோம். நாலு கொழுந்து என்றால் டீக்குத்தான், அதுவும் ஓர் ஆளுக்குத்தான் என்றாள் பாண்டிச்செல்வி, இரண்டு பேர் என்றால் ஏழெட்டாவது வேண்டும். கொழுந்தை மட்டும் கிள்ளுகிறாளே தவிரத் தண்டோடு ஒருநாளும் எடுப்பதில்லை, ஆகவே சட்னி கிட்னி அரைப்பதில்லை, தனக்கென்று சமைத்துச் சாப்பிடுகிற மாதிரி தெரியவில்லை என்று ஜமீலா அக்கா கவலைப்பட்டார். அவரே ஒருநாள் துவையல் அரைத்து வழித்த விரலை நக்கிப் பார்த்துவிட்டு, அம்மியை விட்டு எழுந்து வந்தார். "நான் இன்னும் உப்பே போடல பிலோமி. இலையிலயே உப்பு கரிக்குது. அவ ஊத்துறது கடலோரத்துத் தண்ணி."

பிலோமி அன்று மத்தியானம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கடலோர ஊர்களுக்கெல்லாம் போகிற பஸ்களின் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எத்தன ஊருக்கா" என்றாள், அழுதாள்.

அடுத்த நாள் காலையில் என் வாளியில், உயரமான தண்டின் மேல் இலையில் ஒரு கீறல் இருந்தது. பூச்சி என்று நினைத்து நான் சாம்பல் தூவப் போனபோது காசிமாயன் அண்ணன் தடுத்தார். "பூச்சி இவ்வளவு நேரா கடிக்காது தங்கச்சி. பிளேடு." எல்லோரும் ஒன்பதாம் நம்பர் வீட்டைப் பார்த்தோம். பிலோமி வாசலில் நின்று, "காஜா" என்றாள். "அவ பாத்தா நான்தான்னு தெரியும்."

அன்றைக்கு நாலு மணிக்குக் கொழுந்து போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினைந்தாவது வாளியில் யாரோ அந்தக் கீறலைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும் புரிந்தது. பயந்துவிட்டாளா, கோபமா, இல்லை உடம்புக்கு ஏதாவதா, அந்த வாளியே ராணியுடையதுதானா, இல்லை ஒரு பாவமும் அறியாமல் தன் டீக்குக் கிள்ளிக்கொண்டிருந்த வேறெவளையோ நாம் மிரட்டிவிட்டோமா என்று நாங்கள் ஆளுக்கொன்று சொல்ல, பிலோமி ஆறு நாள் மெஷினில் நூல் கோக்காமலேயே மிதித்துக்கொண்டிருந்தாள். இதை நான் மிகைப்படுத்தவில்லை, நான் போய்ப் பார்த்தேன், ஊசியில் நூலே இல்லை.

ஏழாம் நாள் நாலு மணிக்கு, அந்தக் கீறலுக்கு நேர் கீழ் இலையில் இன்னொரு கீறல் விழுந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த கீறல். காசிமாயன் அண்ணன் கண்ணாடியைத் தேடுவதற்குள் பிலோமி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் கோணலாத்தான் போடுறா, மூதேவி" என்றாள். நாங்கள் பெண்களெல்லாம் அழுதோம். பாண்டிச்செல்வி எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள்.

இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் இருக்கிறாள் என்பது மட்டும் எத்தனை நாளைக்குப் போதும்? பிலோமி காலையில் ஒன்று கீறுவாள், சாயங்காலம் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று வரும், அவ்வளவுதான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்கு ஒரு காஜா போதாது. இதற்குள் இன்னொரு சிக்கல் வந்தது. கீறலுள்ள தண்டுகளில் ஒருவரும் கை வைக்காமல் விட்டதால் புதினா நெட்டையாக வளர்ந்து, நுனியில் மொட்டுக் கட்டத் தொடங்கியது. பூத்துவிட்டால் இலை முரடாகி வாசனை செத்துவிடும். மொட்டுக் கட்டியதும் அடியில் இரண்டு விரல் விட்டு மொத்தத்தையும் அறுத்துவிட வேண்டும், மூன்று வாரத்தில் புதுசாகத் தழைத்துவிடும், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜமீலா அக்காவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய நிக்காஹ் ஆர்டர் வேறு இருந்தது.

"மூணு வாரம் நான் எதுலக்கா அவகிட்டப் பேசுவேன்?" என்றாள் பிலோமி.

"அதுக்காகப் பதினாலு வீட்டுப் புதினாவும் முத்திப் போகணுமா? செடி என்ன உன் ஒருத்திக்கா?" என்றாள் பாண்டிச்செல்வி, அழுதவள்தான், அழுகை வேறு புதினா வேறு அவளுக்கு.

குழாயடியில் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஜமீலா அக்கா குடத்தைக் கீழே வைத்தார். "ஆர்டர் என்னோடது. நான் சந்தையில நாப்பது கட்டு வாங்கிக்கிறேன். முத்துனா முத்தட்டும். அன்னைக்கு நாம பேசாம நின்ன நிப்புக்கு இதாவது செய்வோம்."

புதன்கிழமை மத்தியானம் பிலோமி புது பிளேடு வாங்கி, பாதியாக உடைத்து, காசிமாயன் அண்ணனின் கண்ணாடியைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு தன் வாளியின் முன்னால் உட்கார்ந்தாள். வாளியிலேயே பெரிய இலையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள், பெரியது என்றாலும் கட்டைவிரல் அகலம்தான். நாங்கள் அவளைச் சுற்றி நிற்கவில்லை, நிழல் விழும் என்று அவரவர் வாசலில் அவரவர் வாளியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். என் வாளியின் அந்த இலையில் ஒரு கோடு தானாக விழுந்தது, வளைந்தது, சுழித்தது. சுழியை முழுக்க வெட்டினால் நடுத்துண்டு விழுந்துவிடும், அவள் தையல்காரியாயிற்றே, ஓரிடத்தில் இழை விட்டு, அந்தப் பக்கம் போய், கீழே இறங்கி, நிமிர்ந்தாள். வ. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள். அப்புறம் அதன் பக்கத்தில் துணைக்கால் விழுந்தது, மெதுவாக, இலையின் நரம்பைத் தொடாமல், ஒரு மூச்சுப் பிசகினால் இலை இரண்டாகக் கிழிந்துவிடும் என்ற தூரத்தில். பதினான்கு வாசலிலும் பதினான்கு இலையில் 'வா' என்று எழுதியிருந்தது. எங்கள் காம்பவுண்டில் நான் குடிவந்த பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு அமைதியாக நாங்கள் இருந்ததில்லை.

நாலு மணிக்குப் பதில் இல்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து கதவைத் திறந்தபோது பதினான்கு வாளியிலும் செடி இல்லை. வெட்டவில்லை, வேரோடு போயிருந்தது. நடுவில் ஒரு குழி, குழியைச் சுற்றி ஈர மண், அவ்வளவுதான். ஆறரை வருஷம் வளர்ந்த புதினா, எத்தனை துவையலுக்கும் எத்தனை வயிற்றுவலிக்கும் கொடுத்த புதினா.

பிலோமி தன் வாளியைப் பார்த்தாள். "பிடுங்கிப் போட்டுட்டா" என்றாள். அழவில்லை. வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பின்வாசலில் போட்டுவிட்டு, மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். "செத்தவ வரக் கூடாதுன்னு நான்தான சொன்னேன். சொன்ன சொல்லக் கேட்டுருக்கா" என்று ஒருதரம் சொன்னாள். பாண்டிச்செல்வி கொண்டுபோன இட்லி ஆறிப்போய்த் திரும்பி வந்தது. எனக்கு என் வாளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

காசிமாயன் அண்ணன் மட்டும் பட்டறைக்குப் போகாமல் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு, குழியின் ஓரத்தைக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து மணிக்கு ஒன்பதாம் நம்பர் வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி, மண்ணுல ஒரு வேர்த்துண்டு கூட இல்ல. புதினா வேரு பாத்துருக்கல்ல, மண்ணுக்கடியில கொடி கொடியா ஓடிக் கெடக்கும், பிடிச்சு இழுத்தா பாதி அந்துதான் வரும். இது ஒண்ணு கூட அந்து போகல. தண்ணி ஊத்தி ஊறவச்சு, விரலாலயே சுத்தி நோண்டி, பொறுமையாக் கிளப்பிருக்கு. வீசி எறியிறதுக்குப் பிடுங்குறவ இவ்வளவு நேரம் மெனக்கெட மாட்டா."

"அப்ப எதுக்கு?" என்றாள் பிலோமி.

"அது தெரியல" என்றார் அவர். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லும் பழக்கம் அவரிடம் கிடையாது.

ஆனால் அதற்குப் பிறகு பதினான்கு வீட்டுக் கதவும் சாத்தப்படவில்லை. சோறு வடித்தவர்கள் வாசலைப் பார்த்து வடித்தார்கள், துணி துவைத்தவர்கள் கேட்டைப் பார்த்துத் துவைத்தார்கள். ஒரு மணியானது, மூன்று மணியானது, நாலு மணியும் கடந்து போனது.

ஐந்தரைக்குக் கேட் கிறீச்சிட்டது. இடுப்பில் ஒரு ஈரச் சாக்குமூட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டு ராணி நின்றாள். இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள், புடவையில் ஒரு பக்கம் முழுக்கச் சாக்கின் தண்ணீர் இறங்கி நனைந்திருந்தது. சாக்கின் வாயிலிருந்து புதினா எட்டிப் பார்த்தது. அவள் உள்ளே கால் வைக்காமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், நாங்கள் எல்லோரும் பார்த்தோம், எனக்கு அப்போது வந்த வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, "உள்ள வா ராணி, இது உன் வீடு" என்று நான் கத்தினேன்.

பிலோமி ஓடி வரவில்லை. நடந்து வந்தாள், ஒவ்வொரு அடியாக, குழாயடியில் வந்து நின்றுவிட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் பத்தடி இருந்தது.

"அவரு வடக்க ரோட்டு வேலைக்குப் போயிருக்காருக்கா" என்றாள் ராணி, ஆறு வருஷத்துக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தையாக. "வரத் தை மாசம் ஆகும். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன். ஆறரைக்கு ஒரு பஸ் இருக்காம்."

"அத எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

"விட்டுட்டு வந்தா யாரு தண்ணி ஊத்துவா?"

பிலோமி கேட்டுக்கே வந்தாள், சாக்கை வாங்கவில்லை, தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்த பிடியில் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். எங்கள் பதினான்கு வீட்டுக்கும் ஒற்றைச் செங்கல் சுவர்தான். கேட்கக் கூடாதுதான், கேட்டோம்.

"நான் சொன்னது பொய்டி. சொன்ன நிமிசமே பொய். நீ போயிருவியேன்னு பயத்துல சொன்னேன், போகாதன்னு சொல்லத் தெரியாமச் சொன்னேன்."

அப்புறம் ராணியின் குரல் வந்தது. "ஆறு வருசமா எனக்கு அதுதான்க்கா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. டீ குடிக்கும்போதுகூட."

பின்பக்கக் கதவு திறந்தது போல இருந்தது, மூடியது போலவும் இருந்தது. மணி ஆறாகிவிட்டிருந்தது. இருக்கப் போகிறாளா, ஆறரை பஸ்ஸுக்குப் போகப் போகிறாளா என்று ஒருவரை ஒருவர் சைகையில் கேட்டுக்கொண்டோம், கதவைத் தட்ட ஒருவருக்கும் தைரியமில்லை. அப்போதுதான் காசிமாயன் அண்ணன் தன் வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் அங்க எதுக்குப் பாக்குறீங்க? அவ போறதா இருந்தா சாக்கோட போவா. அவங்கவங்க வாளியப் பாருங்க."

நாங்கள் ஓடினோம். நான் கவிழ்த்து வைத்த தட்டை எடுத்துவிட்டுக் குனிந்தேன். குழி அப்படியேதான் இருந்தது. எதிர் வாசலில் ஜமீலா அக்கா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார், வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார், பாண்டிச்செல்வி வாளியைத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆறு பத்து. ஆறு இருபது. பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடை, இனிக் கிளம்பினால்தான் உண்டு. ஒன்பதாம் நம்பர் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது, திறக்கிற சத்தமா போடுகிற சத்தமா என்று தெரியவில்லை.

அப்போது என் வாளியில், குழியின் ஓரத்து மண் ஒரு பிடி உள்ளே சரிந்தது. இன்னொரு பிடி சரிந்தது. வெள்ளை வேர்க்கொடிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் படுத்துக்கொள்ள, நாள் முழுக்கப் பஸ்ஸில் வந்த அலுப்போடு, இலையெல்லாம் துவண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, புதினா வந்து நின்றது. வாசனை முகத்தில் அடித்தது. ஓரத்து மண்ணில் நாலு விரல் அழுத்திய பள்ளம் விழுந்தது, அதன் பக்கத்திலேயே, எதிர்த் திசையிலிருந்து, இன்னொரு கையின் நாலு விரல்.

"நட்டுட்டாளுகடி!" என்று பாண்டிச்செல்வி அலறியது சந்து முனைவரை கேட்டிருக்கும்.